மூன்றரை மணி பஸ்

என் மனைவி எடுக்கிற படங்களில் நாங்கள் இருக்க மாட்டோம். அருவிக்குப் போனால் ஊரே அருவியைப் படம் எடுக்கும். இவள் அருவிக்கு இறங்குகிற படிகளை எடுப்பாள். எந்தப் படி உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் கைப்பிடி இல்லை, குளித்துவிட்டு வரும் பெண்கள் உடை மாற்றிக்கொள்ள மறைவு எங்கே. கோயிலுக்குப் போனால் கோபுரம் ஒன்று, செருப்பு விடும் இடம் மூன்று. கடற்கரைப் படத்தில் கடல் ஓர் ஓரமாக நீலக் கரை போட்டிருக்கும். நடுவில், அந்த மணல் முழுவதற்கும் நிழல் தருகிற ஒரே மரம். பஸ்ஸின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயர். ஓட்டல் வாசலில் இன்று என்ன கிடைக்கும் என்று எழுதிய பலகை. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள். ஆமாம், தாழ்ப்பாளைக்கூட எடுத்து வைத்திருக்கிறாள். உள்ளே போட்டால் விழுகிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமாம்.

பன்னிரண்டு வருஷப் படங்கள். எல்லாம் சேலையூரில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டில், உள்ளங்கை அளவு கறுப்பு ஹார்ட் டிஸ்க் டப்பா ஒன்றுக்குள் கிடந்தன. அவள் குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்கு முதல் கை நீளும். மாதத்தில் இரண்டு முறைதான் சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் லீவு வரும். வந்ததும் ஒரு பை, ஒரு குடை, கிளம்பிவிடுவோம். நான் வீட்டிலிருந்தபடி பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். பிழை திருத்துவது பிழைப்பு. உரைநடையைக் கவிதைபோல் எழுதுவது வியாதி. எனக்கு ஓரிடத்தில் உட்காரவும் வராது. ரயில் சத்தம் கேட்டால் கால் கூசும். அதனால் அவள் எங்கே போகலாம் என்றாலும் நான் செருப்பைத் தேடுவேன். ஊருக்குப் போவதில் எனக்குக் கிளம்புவது பிடிக்கும். அவளுக்குப் போய்ச் சேருவது பிடிக்கும். இந்த வித்தியாசம் பின்னால் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவளோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குடும்பத்தோடு ஏலகிரி போக ஆசை. டப்பாவை டிவியில் செருகி, சோபாவில் அவளை உட்கார வைத்து, ஒவ்வொரு படமாக நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள் என் மனைவி. "இந்த வளைவுல குழந்தைக்கு வாந்தி வரும், ஜன்னல் சீட் போடு. இந்தக் கடையில இட்லி ஒன்பது மணிக்கே தீர்ந்துடும்." அந்த நேரம் பார்த்து செட்-டாப் பாக்ஸை மாற்ற வந்த கேபிள்காரர், கையில் ஸ்க்ரூடிரைவரோடு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"இன்னா அக்கா இது? ஊரே காட்டுற, ஒரு மூஞ்சிகூட காட்ட மாட்டேன்ற?"

"மூஞ்சி பார்க்கவா ஊருக்குப் போறாங்க?"

"என் வூட்ல கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து எங்கனா கூட்டிகினு போன்னு கேக்குது. எங்க போறது, எங்க தங்கறது, ஒண்ணும் தெரியாம பேஜாரா கீது. இத்தப் பார்த்தா நாளைக்கே பூடலாம் போலக் கீது அக்கா."

அவருக்கு ஒரு சேனல் இருந்தது. சேனல் என்றால் செல்போன் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு கம்ப்யூட்டர். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை அவருடைய ஒயர் போகிற வீடுகளில் மட்டும் தெரியும். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, அம்மன் கோயில் தேர், இடைவெளியெல்லாம் வீட்டு மனை விளம்பரம். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை அரை மணி நேரம் காலியாக இருப்பதாகச் சொன்னார். அதை ஒரு மனை விற்கிறவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"உனுக்குத் தர்றேன். ஆனா ஒரு வாரம்கூட கேப்பு வுடக் கூடாது. ஒரு கம்ப்ளைன்ட்டு வரக் கூடாது. வந்துச்சுன்னா ஃபிளாட்டுக்காரன் கையில தூக்கிக் குடுத்துருவேன். அப்பால என்னைத் திட்டக் கூடாது."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னது எனக்கு மறக்காது. ரசத்தைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இருபது வருஷமா என் முன்னால வந்து உக்கார்றவங்க எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. ஊசியைப் பார்க்கப் பயம். முடிஞ்சதும் எழுந்து ஓடிடுவாங்க. அரை மணி நேரம் நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டு நாலு பேர் உக்காந்திருப்பாங்கன்னா, எனக்கு அது வேணும்."

எதையும் வேணும் என்று கேட்கிற பெண் இல்லை அவள்.

நிகழ்ச்சிக்கு 'சனி ஞாயிறு' என்று பெயர் வைத்தோம். ஒரு வாரத்துக்கு ஓர் ஊர், நாற்பது படம். ஒவ்வொரு படமும் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை திரையில் நிற்கும். வீடியோ கிடையாது, பாட்டு கிடையாது. குரல் மட்டும். அந்தக் குரலைப் பிடிப்பதுதான் பெரிய பாடு. படுக்கையறையில் பீரோக் கதவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் பேசுவாள். நான் போனை நீட்டிக்கொண்டு நிற்பேன். விமானப்படைத் தளத்து ஹெலிகாப்டர் எங்கள் மொட்டை மாடிக்கு மேல் வட்டமடிக்கும். நிறுத்து. போயிற்று. "பெரிய மனுஷங்க ஏறலாம், ஆனா..." மறுபடி வட்டம். "ஆனா" என்ற ஒரு சொல்லை அவள் ஆறு தடவை சொன்ன நாள் உண்டு. ஆறாவது தடவையும் முதல் தடவைபோலவே சொன்னாள்.

எழுதித் தருவது என் வேலை. நான் எழுதினேன்: 'மேகம் மலையின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது.'

"சரி. குடை வேணுமா, வேணாமா?"

நான் எழுதினேன்: 'தோணிகள் மதியத்தின் மடியில் உறங்கின.'

"அப்ப மத்தியானம் தோணி போகாது. அதைச் சொல்லுங்க."

சிவப்பு மையில் மற்றவர்களை வெட்டியே பழகிய என்னை, சமையலறையிலிருந்து வாயாலேயே வெட்டினாள். முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள் ஒலிப்பதிவைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். 'படி மொத்தம் எழுபத்தி ரெண்டு. நாப்பதாவது படியில திண்டு இருக்கு. உக்காருங்க. யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டாங்க.' நான் இத்தனை வருஷம் எழுதியதில் இந்தக் கடைசி வரிக்கு இணையாக எதுவும் இல்லை. பொறாமை என்று சொல்லலாம். பெருமை என்றும் சொல்லலாம். இரண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் குடித்தேன்.

ஜனங்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். ஞாயிறு கறிக்கடை வரிசையில், "சீக்கிரம் வெட்டுப்பா, ஒன்பது மணிக்கு அந்த அம்மா வந்துடும்" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். பரிசோதனை நிலையத்தில் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்கள். "விரலை நல்லா மடக்கிக்குங்க" என்றாள் ஒரு நாள். நாற்காலியில் இருந்த அம்மாள் விரலை மடக்காமல் நிமிர்ந்தார். "படியெல்லாம் எண்ணிச் சொல்றது நீதானே?" இருபது வருஷத்தில் முதல் முறையாக, ஊசி ஏறும்போது ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப் பத்து வாரம்.

பதினோராவது வாரம் ஜவ்வாது மலை. போளூரில் தங்கி, காலை பஸ்ஸில் மலை ஏறி, உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊர், அங்கே ஓர் அருவி. ஏழு வருஷத்துக்கு முன் போனது. படங்களைப் போட்டதும் எனக்கு அந்த ஈரக் காற்று மூக்கில் ஏறியது. ஒரு படத்தில் புளியமரத்தடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்கள் முன்னால் வந்து நிற்கிற பஸ். என் பழைய நோட்டில் நேரம் இருந்தது. எழுதினேன்: 'மூன்றரை மணிக்கு வளைவில் பஸ் திரும்பும்போது, பிள்ளைகளின் கூச்சல் அதற்கு முன்னால் வந்து சேரும்.'

அவள் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். "இது இருக்கட்டும்" என்றாள். அவள் வெட்டாமல் விட்ட முதல் வாக்கியம்.

"பஸ் இன்னும் ஓடுதான்னு போன் போட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டாச்சு."

கேட்கவில்லை. கேட்டு, ஒருவேளை நேரம் மாறியிருந்தால், அந்த வாக்கியம் போய்விடும். அவ்வளவுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பிறகு நிறைய நாள் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஞாயிறு ஒளிபரப்பானது. வியாழக்கிழமை அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். பல்லாவரத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அவர் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருகிறவர். நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க சொன்ன மூன்றரை பஸ் வரலைங்க" என்றார். சண்டை போடுகிற குரல் இல்லை. தகவல் சொல்கிற குரல்.

அவர் மனைவி பொறுக்கவில்லை. "அஞ்சு மணி வரைக்கும் அந்த மரத்தடியில உக்காந்திருந்தோம். கிளம்பலாம், கிளம்பலாம்னு நான் தலையால அடிச்சிக்கிறேன். இவரு, 'அந்தம்மா சொன்னா வரும்'னு சொல்லிக்கிட்டு நகர மாட்டேங்குறாரு. அப்புறம் நாலு கிலோமீட்டர் நடந்தோம். பாதி வழியில இவரு செருப்பு பிஞ்சு போச்சு. நல்லவேளை, பால் வண்டிக்காரர் ஒருத்தர் ஏத்திக்கிட்டார்."

என் மனைவி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய பாதத்தைத் தூக்கி விரல் இடுக்கில் பார்த்தாள். சர்க்கரை உள்ள காலில் கொப்புளம். பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கட்டுப் போட்டு முடிகிறவரை அங்கேயே நின்றாள்.

"தப்பு என் மேலதாங்க" என்றாள். "மன்னிச்சுக்குங்க."

"ஐயோ, அதுக்கில்லம்மா" என்றார் அந்த அம்மாள். "அருவி அவ்வளவு நல்லா இருந்துச்சு. நீங்க காட்டின உடைஞ்ச படிகூட அப்படியே இருக்கு. ஆனா இன்னும் எத்தனை பேர் கிளம்பியிருக்காங்களோ, அதான்."

நான் சாப்பாட்டு டப்பாவோடு கதவோரம் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவருடைய கையில் ரத்தம் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"கேட்டாச்சுன்னு சொன்னீங்க."

"ம்."

"கேட்டீங்களா?"

"இல்ல."

கைப்பையைக் கீழே வைத்தாள். "எங்க லேபுல ரெண்டு நாள் பழைய ரத்தத்துக்கு சுகர் ரிப்போர்ட் எழுதினா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க" என்றாள். "நீங்க ஏழு வருஷத்து ரத்தத்துக்கு எழுதியிருக்கீங்க. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கேபிள்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். வரும் ஞாயிறு இதைத் திருத்திச் சொல்லப் போவதாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் அவர் குரல் பதறியது. "இன்னா அக்கா, உனுக்கு நீயே ஆப்பு வெச்சிக்கிற? வேற ஊர் போடு, எவன் கேக்கப் போறான்? நீயே வாயத் தொறந்து தப்புன்னு சொன்னா, ஃபிளாட்டுக்காரன் மறுநாளே வந்து குந்திக்குவான். ஒம்போது மணி போச்சுன்னா போச்சு, பார்த்துக்கோ."

"போனா போகட்டும்" என்றாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தாள். போனால் போகட்டும் என்று நினைக்கிறவர்களின் கை அப்படி இருக்காது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். விடியலில் கிளாம்பாக்கத்தில் முதல் பஸ். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. ஆனால் வந்தவாசி தாண்டியதும் பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பகல் உச்சிக்கு மலையில் இருந்தோம். அதே புளியமரம். பிள்ளைகள் இல்லை. கடை வைத்திருந்த பெண்ணிடம் கேட்டோம்.

"மூன்றரை பஸ்ஸா? அது கொரோனாவுல நின்னுது. அப்பால வர்லியே. ஒண்ணு பத்துக்கு ஒண்ணு கீழ போவும், அவ்ளோதான். அத்த வுட்டா நடைதான்."

ஒன்று பத்து பஸ் எங்கள் கண் முன்னால் கிளம்பியது. ஏறிவிடலாம் என்று எழுந்தேன். "உக்காருங்க" என்றாள்.

"அதான் தெரிஞ்சு போச்சே."

"அவங்க அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தாங்க."

உட்கார்ந்தோம். மூன்றரைக்கு எழுந்து வளைவைப் படம் எடுத்தாள். காலிச் சாலை. மூன்றே முக்கால், காலிச் சாலை, மரநிழல் ஒரு முழம் நகர்ந்திருக்கிறது. நாலு. நாலு பத்து, ஓர் ஆடு. நாலரை, வெயில் வளைவின் ஓரக் கல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து. நான் வர்ணித்துத் தீர்த்த எந்த மலையும் அந்தப் படங்களில் இருந்த வெறுமைக்குக் கிட்டே வராது. வராத ஒன்றை எப்படிப் படம் எடுப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

பிறகு நடந்தோம், அந்த நாலு கிலோமீட்டர். எங்கே தண்ணீர்க் குழாய், எங்கே உட்காரக் கல், செருப்பு அறுந்தால் எந்த இடத்தில் முள். நின்று நின்று எடுத்தாள். நடந்து முடிக்க ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆயிற்று. கீழே மலைச்சாலையில் போளூர் பஸ் வந்தது. அதையும் எடுத்தாள், நேரத்தோடு.

சனிக்கிழமை பதிவுக்கு முன் பல்லாவரத்து வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் கதையைச் சொல்லலாமா என்று கேட்டாள். "தாராளமா சொல்லும்மா" என்றார் அந்த அம்மாள். "செருப்பு பிஞ்சதை மட்டும் சொல்லாதே. புதுசு வாங்குன்னு ஆறு மாசமா சொல்றேன், மானம் போயிடும்."

பீரோவுக்குள் தலையை விட்டாள். நான் போனை நீட்டினேன்.

"இதை நான் சொல்லணும்" என்றேன். "தப்பு பண்ணது நான்."

"என் குரலைக் கேட்டுதான் போனாங்க" என்றாள். "நீங்க போனை நேராப் பிடிங்க."

'போன வாரம் நான் சொன்னது தப்பு' என்று தொடங்கினாள். 'சரிபார்க்காம சொன்னேன். என்னை நம்பிப் போன ரெண்டு பேர் நடந்து வந்தாங்க. அவங்க காத்திருந்த நேரம் இதுதான், பாருங்க.' ஹெலிகாப்டர்கூட அன்று அவளை மறிக்கவில்லை. ஒரே மூச்சில் முடித்தாள். என் பேரில் ஒரு சொல் இல்லை. ஒரு மனுஷி தன் மேல் இல்லாத பாரத்தை இவ்வளவு அலுங்காமல் தூக்கி வைத்துக்கொள்வதை இத்தனை கிட்டத்தில், புடவைகளின் கற்பூர வாசனைக்கு நடுவில் நின்று பார்த்தேன்.

ஞாயிறு ஒன்பதரைக்கு நிகழ்ச்சி முடிந்தது. பத்து மணிக்குக் கேபிள்காரர் கதவைத் தட்டினார். முகம் உம்மென்று இருந்தது. என் மனைவி எதுவும் கேட்காமல் காபி கலக்கப் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வழக்கமாக அவள் கையிலிருந்து எதுவும் நழுவாது.

"ஒம்போது பத்துக்கே ஃபிளாட்டுக்காரன் போன் போட்டுட்டான்" என்றார் அவர். "'அதான் கம்ப்ளைன்ட்டு வந்துட்ச்சே, டைம எனுக்குக் குடு'ன்றான்."

"குடுத்துட்டீங்களா?" உள்ளிருந்து குரல்.

"கேளு அக்கா. அவன் மனைக்குப் பக்கத்துல பஸ் ஸ்டாண்டு வருது, வருதுன்னு நம்ம சேனல்ல ரெண்டு வருசமா கூவிகினு கீறான். ஒரு நாளு மன்னிப்பு கேட்டானா? நீ இன்னாடான்னா வராத ஒரு பஸ்ஸுக்கு அரை மணி நேரம் மன்னிப்பு கேக்குற. என் வூட்ல அழுதுகினே பாக்குது. அந்த காலி ரோட்டப் பார்த்து இன்னாத்துக்கு அழுவுற சொல்லு." டம்ளரை வாங்கிக்கொண்டார். "ஒம்போது மணி உன்னுது. போ. ஆனா எனுக்கு வேற ஊரு காட்டு, ஜவ்வாது போதும்."

அவள் சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "புது ஊர் இப்ப கிடையாது" என்றாள். "காட்டின பத்து ஊரும் பழைய படம்தான். எல்லாத்தையும் திரும்பப் போய்ப் பார்க்கணும். எது மாறியிருக்குன்னு வாராவாரம் சொல்லணும்."

"யாரு போறது? உனுக்கு ஏது லீவு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் அடுத்த புதன்கிழமை, மரக்காணத்துக்கு அப்பால், உப்பளத்துக்கு நடுவே போகிற ஒரு சாலையில் தனியாக நின்றேன். பதினொன்று இருபதுக்கு டவுன் பஸ் வரும் என்று எங்கள் நிகழ்ச்சியில் சொல்லியிருந்தோம். வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கிற வெயில். உப்புக் குவியல்களைப் பார்த்ததும் உள்ளே ஒரு வரி எழுந்தது. அதை அப்படியே நிற்க வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். போன் அடித்தது.

"வந்துச்சா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. டீக்கடையில கேட்டேன், வரும்னு சொல்றாங்க."

"சொல்றது இருக்கட்டும். ஏறி உக்காந்துட்டுப் பேசுங்க."

வைத்துவிட்டாள். பதினொன்று இருபது. இருபத்து மூன்று. சாலையின் முனையில் கானல் மட்டும் அசைந்தது. வராவிட்டால் எத்தனை மணிவரை நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறுக்கு, தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. நெற்றியில் இருந்த ஊர்ப்பெயரைப் படம் எடுத்தேன். ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட்டை வாங்கிய பிறகுதான் அவளை அழைத்தேன்.

"ஆறு நிமிஷம் லேட்" என்றேன்.

"ஆறு நிமிஷம்னு எழுதிக்குங்க" என்றாள். "வெக்கிறேன், ஒருத்தர் கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்."